ஏழு லிட்டர் பெட்டி வந்த வழி

200 மில்லிமீட்டர் உயரம், 112 மில்லிமீட்டர் அகலம், 317 மில்லிமீட்டர் நீளம். கொள்ளளவு ஏழு லிட்டர் சொச்சம். இந்த அலுமினியப் பெட்டிக்குள் ஒரு முழு மேசைக் கணினி உட்கார்ந்துவிடுகிறது. இதற்கென்று தனியாகச் செய்த உதிரிகள் எதுவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் பிராசஸர், ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் நீள கிராபிக்ஸ் கார்டு, சிறிய எஸ்எம்பிஎஸ் எல்லாம் அப்படியே உள்ளே போகும். பெட்டியின் பெயர் டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ். ஜெர்மனியைச் சேர்ந்த டேனியல் ஹான்சன் வடிவமைத்தது. 2016இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி, தைவானின் லியான் லி நிறுவனத்தில் செய்யப்பட்டது. சாதாரண டவர் கேபினெட் ஒன்று நாற்பது, ஐம்பது லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பெட்டியின் அருமை புரியும்.

ஒரு மனிதரின் திறமை இதில் பாதி. மறுபாதி, ஒருவரையொருவர் பார்த்தேயிராத பல நிறுவனங்கள் இருபது ஆண்டுகளாக மதித்து வந்த சில அளவுகள். திருகுத் துளை எங்கே இருக்க வேண்டும், எஸ்எம்பிஎஸ் எத்தனை மில்லிமீட்டர் நீளம் இருக்கலாம், ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்த ஸ்லாட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்கிற அளவுகள். அவை வந்த வழியைத் தெரிந்துகொண்டால், நம்மிடம் இருக்கும் உதிரிகளுக்கு எந்தச் சின்னக் கேபினெட் பொருந்தும் என்ற கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நாலு துளைகள்

1981இல் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதைப் பார்த்து மற்றவர்கள் செய்த கணினிகள் ஐபிஎம்மின் அளவுகளையும் சேர்த்தே பின்பற்றின. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவு விதிகளை வெளியிட்டது. முழு மதர்போர்டு 305 மி.மீ.க்கு 244 மி.மீ.; கீபோர்டு, மவுஸ் சொருகும் முனைகள் எல்லாம் பின்பக்கம் ஒரே சன்னலில்; திருகுத் துளைகள் குறித்த இடங்களில். இதனால் ஒரு ஊரில் மதர்போர்டு செய்பவரும் வேறொரு ஊரில் கேபினெட் செய்பவரும் கலந்து பேசாமலே ஒருவர் பொருளுக்கு மற்றவர் பொருள் பொருந்தும்படி செய்ய முடிந்தது. மேசைக் கணினியை நாமே உதிரி வாங்கிப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

1997இல் இன்டெல் போர்டைக் குறுக்கி 244 மி.மீ. சதுரமாக மைக்ரோ-ஏடிஎக்ஸ் என்ற அளவைக் கொடுத்தது. அதோடு எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய எஸ்எம்பிஎஸ் அளவும் வந்தது. சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், 140 மி.மீ. நீளம். எஸ்எஃப்எக்ஸ் 125, 63.5, 100. கன அளவில் பார்த்தால் முன்னது 1.8 லிட்டர், பின்னது 0.8 லிட்டர். அந்த ஒரு லிட்டர் மிச்சம் பெரிய கேபினெட்டில் கண்ணுக்கே தெரியாது. ஏழு லிட்டர் பெட்டியில் ஏழில் ஒரு பங்கு. ஆனால் அந்த அருமை தெரிய இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அடுத்த படியைத் தைவானின் வியா நிறுவனம் வைத்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சி3 என்ற பிராசஸர் அதன் கையில் இருந்தது. அதை விற்கச் சின்ன, மலிவான கணினி வேண்டும்; அதற்குச் சின்ன போர்டு வேண்டும். வியாவின் ராபர்ட் குவோ 2001 மார்ச்சில் 215 மி.மீ.க்கு 191 மி.மீ. அளவில் ஐடிஎக்ஸ் என்ற மாதிரி போர்டைக் காட்டினார். செய்து விற்க யாரும் முன்வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் சுருக்கி 170 மி.மீ. சதுரமாக்கினார்கள். அதுதான் மினி-ஐடிஎக்ஸ். அப்போதும் மற்ற நிறுவனங்கள் தயங்கின. வாங்குபவர்களிடம் ஆர்வம் இருந்ததைக் கண்ட வியா, தானே செய்து விற்க முடிவெடுத்தது. 2002 ஏப்ரலில் எபியா என்ற பெயரில் முதல் மினி-ஐடிஎக்ஸ் போர்டுகள் தொழிற்சாலை வாடிக்கையாளர்களுக்குப் போயின.

வியாவின் பொறியாளர்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. போர்டைத் தாங்கும் நாலு துளைகளையும், பின்பக்கச் சன்னலையும், ஒற்றை ஸ்லாட்டின் இடத்தையும் ஏடிஎக்ஸில் இருந்த இடத்திலேயே விட்டுவைத்தார்கள். பதினேழு சென்டிமீட்டர் போர்டைப் பெரிய டவரிலும் பூட்டலாம், சின்னப் பெட்டியிலும் பூட்டலாம். வாங்கியவர் எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளவில்லை.

ஏறக்குறைய அதே சமயத்தில் தைவானின் ஷட்டில் நிறுவனம் வேறு வழியில் போயிற்று. 2001இல் அது கொண்டுவந்த எஸ்வி24, கைக்கு அடக்கமான அலுமினியப் பெட்டி. போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெட்டியோடு சேர்ந்தே வரும். அதன் பின் வந்த எக்ஸ்பிசி வரிசைக்கு நல்ல பேர் கிடைத்தது. சின்னக் கணினி பார்க்க லட்சணமாகவும் இருக்கலாம் என்று பலருக்கும் காட்டியவை அவை. ஆனால் போர்டு அந்தப் பெட்டிக்கென்றே செய்தது என்றால், போர்டு போகும் நாளில் பெட்டியும் போகும். மினி-ஐடிஎக்ஸ் பெட்டிகளின் ஆயுள் நீண்டதற்கு அந்தப் பொதுத் துளைகளே காரணம்.

பெரிய இதயம், சின்ன உடம்பு

முதல் சில ஆண்டுகள் மினி-ஐடிஎக்ஸ் என்றாலே வேகம் குறைந்த கணினி என்று பொருள். கடைகளின் பில்லிங் மெஷின், விளம்பரத் திரை, டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கும் பெட்டி என்று அதன் காலம் ஓடியது. 2009, 2010 வாக்கில் நிலைமை மாறியது. ஸோடாக் போன்ற நிறுவனங்கள் அதே பதினேழு சென்டிமீட்டர் போர்டில் முழுச் சக்தி பிராசஸருக்கான சாக்கெட்டையும் கிராபிக்ஸ் கார்டுக்கான பதினாறு லேன் ஸ்லாட்டையும் பொருத்தின. இப்போது சின்ன போர்டில் பெரிய கணினி செய்யலாம். ஆனால் அதற்கேற்ற பெட்டி இல்லை. கிடைத்தவற்றில் நீளமான கார்டு நுழையாது. நுழைந்தால் பெட்டி பழையபடி பெரிதாக இருக்கும்.

2012இல் இரண்டு ஆர்வலர்கள் தங்களுக்குப் பிடித்த பெட்டியைத் தாங்களே வரையத் தொடங்கினார்கள். அதுதான் என்கேஸ் எம்1. 160 மி.மீ. அகலம், 240 மி.மீ. உயரம், 328 மி.மீ. நீளம், பன்னிரண்டரை லிட்டர் சொச்சம். எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை முன்பக்கம் தள்ளி, கார்டை அடியில் முழு நீளத்துக்கு ஓடவிட்டு, பக்கவாட்டில் நீர்க்குளிர்ச்சிக்கான 240 மி.மீ. ரேடியேட்டருக்கும் இடம் கொடுத்தார்கள். லியான் லி நிறுவனம் மாதிரிகள் செய்து கொடுத்தது. 2013இல் இண்டிகோகோ வழியாகப் பணம் திரண்டது. பெரிய நிறுவனம் எதுவும் துணியாத ஒன்றை, வாங்க நினைத்தவர்கள் முன்பணம் கொடுத்துச் செய்யவைத்தார்கள்.

எம்1 காலத்தில் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் என்றால் 450 வாட் கிடைப்பதே பெரிது. சில்வர்ஸ்டோன் நிறுவனம் அதைக் கொடுத்து வந்தது. பிறகு அதுவே 600 வாட் ஆயிற்று. 2016இல் கோர்சேரின் எஸ்எஃப்600 வந்தது. வாட் ஏற ஏறச் சின்னப் பெட்டிக்குள் பெரிய கார்டு போடலாம் என்ற துணிவும் ஏறியது. 1997இல் ஒரு காகிதத்தில் எழுதிவைத்த எஸ்எஃப்எக்ஸ் அளவுக்கு அப்போதுதான் உண்மையான வேலை வந்தது.

டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸை வரைந்த ஹான்சன் இன்னொரு துணிச்சலான காரியத்தைச் செய்தார். கார்டை ஸ்லாட்டில் நேராகச் சொருகாமல், ரைசர் கேபிள் என்ற பட்டைக் கேபிள் வழியாக மதர்போர்டின் முதுகுப் பக்கம் திருப்பிவைத்தார். போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், நடுவில் ஒரு தகடு. சாண்ட்விச் அமைப்பு என்று இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த 112 மி.மீ. அகலத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் இரண்டு ஸ்லாட் கார்டு. ஸ்லாட்டுக்கு 20.32 மி.மீ. என்ற கணக்கில் அதற்கு நாற்பது மி.மீ. மறுபக்கம் போர்டைத் தூக்கிப் பிடிக்கும் பித்தளைத் திருகுகளுக்கு ஆறேழு மி.மீ., போர்டின் தடிமன் ஒன்றரை, சாக்கெட்டும் பிராசஸரும் சேர்ந்து ஏழெட்டு, அதன் தலையில் உட்காரும் கூலருக்கு அதிகபட்சம் 48. கூட்டினால் நூற்றுநாலு பக்கம் வரும். மிச்சம் இருக்கும் எட்டு மி.மீ.க்குள் நடுத் தகடும் இரண்டு பக்கத் தகடுகளும் காற்று நுழைய ஒரு சின்ன இடைவெளியும் அடங்க வேண்டும். இதில் எங்கே இரண்டு மி.மீ. பிசகினாலும் பக்கத் தகடு மூடாது. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்த எத்தனை யோசித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கையில் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது.

பிறகு அலுமினியத் தகடு வெட்டப்பட்டு, துளைகள் போடப்பட்டு, மடிக்கும் இயந்திரத்தில் விளிம்புகள் வளைக்கப்பட்டு, நிறம் ஏற்றப்பட்டு, அட்டைப்பெட்டியில் ஏறிக் கப்பலில் போயிற்று. தகட்டை மடிக்கும்போது வளைவில் உலோகம் கொஞ்சம் இழுபடும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் வெட்டும் அளவைப் போடுவார்கள். சிறிய எண்ணிக்கையில், இத்தனை நுட்பமாகச் செய்யும்போது விலை ஏறத்தான் செய்யும். எம்1, ஏ4 இரண்டும் சாதாரணக் கேபினெட்டைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்றன.

அந்த விலைத் தடையை 2020இல் கூலர் மாஸ்டரின் என்ஆர்200 உடைத்தது. எம்1இன் உள் ஏற்பாட்டைப் பெரும்பாலும் ஒட்டிய அமைப்பு. ஆனால் அலுமினியத்துக்குப் பதில் எஃகு, பெரும் எண்ணிக்கையில் உற்பத்தி, 18 லிட்டர் சொச்சம் கொள்ளளவு. 330 மி.மீ. நீளக் கார்டும் 155 மி.மீ. உயரக் கூலரும் போகும். சின்னக் கணினி என்பது ஒரு சிறு கூட்டத்தின் ஆசையாக இருந்தது போய், யார் வேண்டுமானாலும் முதல் முறையிலேயே பூட்டக்கூடியதாக ஆனது இந்தப் பெட்டியால்தான்.

ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றில் குறையும்

அதற்குள் கார்டுகள் பருக்கத் தொடங்கின. என்விடியா 2016இல் விற்ற ஜிடிஎக்ஸ் 1080 தன் அசல் வடிவில் 267 மி.மீ. நீளம், 180 வாட். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 தன் அசல் வடிவில் 304 மி.மீ. நீளம், மூன்று ஸ்லாட் தடிமன், 450 வாட். ஏ4-எஸ்எஃப்எக்ஸ் ஏற்கும் நீளம் 295 மி.மீ.; ஒன்பது மி.மீ. குறைகிறது. தடிமனும் போதாது. அதனால் பெட்டிகளும் கொஞ்சம் வளர்ந்தன. ஹான்சனின் டான் நிறுவனமும் லியான் லியும் சேர்ந்து கொண்டுவந்த ஏ4-எச்2ஓ பதினொரு லிட்டர். அதில் 240 மி.மீ. ரேடியேட்டர் போகும், மூன்று ஸ்லாட் கார்டும் போகும்.

சுவீடனின் ஃபிராக்டல் டிசைன் 2023இல் வெளியிட்ட டெர்ரா என்ற 10.4 லிட்டர் பெட்டி இந்தக் கதையின் சாரத்தை ஒரே தகட்டில் காட்டிவிடுகிறது. அதில் போர்டையும் கார்டையும் பிரிக்கும் நடுத் தகட்டைத் திருகைத் தளர்த்தி நகர்த்தலாம். ஒரு கோடியில் வைத்தால் கூலருக்கு 77 மி.மீ., கார்டுக்கு 43 மி.மீ. மறுகோடிக்குத் தள்ளினால் கூலருக்கு 48, கார்டுக்கு 72. எப்படி வைத்தாலும் இரண்டும் சேர்ந்து 120தான். சின்னப் பெட்டியின் விதி முழுவதும் இந்தக் கூட்டல் கணக்கில் இருக்கிறது. பிராசஸருக்குக் கொடுத்தது கார்டுக்கு இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுத்தது கேபிளுக்கு இல்லை. எது நமக்கு முக்கியம் என்று நாம் முடிவெடுக்காவிட்டால் பெட்டி முடிவெடுத்துவிடும்.

வாங்குபவர் கையில் இருக்க வேண்டிய எண்கள்

கடைக்குப் போகும் பலரும் கேபினெட்டின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு உதிரிகளைத் தேடுகிறார்கள். சின்னக் கேபினெட்டில் வரிசை நேர் எதிராக இருக்க வேண்டும். முதலில் கார்டு. நீளம், தடிமன் இரண்டோடு உயரத்தையும் பாருங்கள். புதிய கார்டுகளில் மின்கேபிள் மேல் விளிம்பில் சொருகப்படுகிறது. பன்னிரண்டு மின்முனைகளும் நாலு சிறு சமிக்ஞை முனைகளும் கொண்ட அந்தக் கேபிளைச் சொருகிய இடத்திலேயே மடக்கக் கூடாது, முப்பத்தைந்து மி.மீ.யாவது நேராக வந்த பிறகே வளைக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அதை மதிக்காமல் பக்கத் தகட்டால் அழுத்தி மூடினால் முனை சரியாக உட்காராமல் சூடேறி உருகக்கூடும். 2024இல் என்விடியா சின்னப் பெட்டிக்கு ஏற்ற கார்டு என்று சொல்ல ஓர் அளவை அறிவித்தது: நீளம் 304, கேபிள் வளைவையும் சேர்த்து உயரம் 151, தடிமன் 50 மி.மீ.க்குள். கேபிள் வளைவையும் கணக்கில் சேர்த்தது நல்ல முன்னேற்றம்.

அடுத்தது கூலர். பிராசஸரின் மேல்பரப்பிலிருந்து பக்கத் தகடு வரை எவ்வளவு என்று கேபினெட்டின் விவரத் தாளில் இருக்கும். நாக்டுவாவின் என்எச்-யு12எஸ் 158 மி.மீ.; என்ஆர்200இன் எல்லை 155. பெட்டிக்குள் நின்றுவிடும், பூட்டியும்விடலாம். கடைசியில் தகடு மூடாது. அதே நிறுவனத்தின் 125 மி.மீ. என்எச்-யு9எஸ் தாராளமாகப் போகும். சாண்ட்விச் பெட்டி என்றால் 37 மி.மீ. என்எச்-எல்9 போன்ற தட்டையான கூலர்கள்தான் வழி. அப்போது 65 வாட் வகைப் பிராசஸரோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம். கூலர் ரேம் மேல் கவிழ்ந்து நிற்கும் வகையானால், விளக்கு போட்ட உயரமான ரேமை விட்டு மொட்டையான ரேமை வாங்க வேண்டும்.

மூன்றாவது எஸ்எம்பிஎஸ். எஸ்எஃப்எக்ஸ் 100 மி.மீ. நீளம்; எஸ்எஃப்எக்ஸ்-எல் 130. அந்த முப்பது மி.மீ.யில்தான் கேபிள்கள் திரும்ப வேண்டியிருக்கும். 24 முனைக் கேபிளைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று தெரியும். பெரிய டவருக்கான நீளக் கேபிள்களை ஏழு லிட்டருக்குள் சுருட்டினால் காற்று போகும் வழி அடைந்துவிடும். குட்டைக் கேபிள் தனியாக வாங்கினால் நம் எஸ்எம்பிஎஸ் மாடலுக்கே செய்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கழற்றி மாட்டும் கேபிள்களின் எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொது அளவுவிதி கிடையாது. வேறு நிறுவனத்தின் கேபிள் சரியாக உட்காரும். ஆனால் மின்சாரம் தவறான கம்பியில் பாய்ந்து டிரைவையோ போர்டையோ எரித்துவிடக்கூடும். ஏடிஎக்ஸின் ஒழுங்கு எட்டாமல் விட்ட மூலைகளில் இது ஒன்று.

நாலாவது ரைசர் கேபிள். மூன்றாம் தலைமுறை ரைசரில் நாலாம் தலைமுறைக் கார்டைப் பூட்டினால் திரை கறுப்பாகவே இருக்கலாம், அல்லது விளையாட்டின் நடுவில் கணினி நின்றுபோகலாம். பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். பழைய பெட்டியைக் கைமாற்றாக வாங்குபவர்கள் கேபிளின் தலைமுறையை முதலில் கேட்க வேண்டும்.

கடைசியாகக் காற்று. சின்னப் பெட்டிகளில் கார்டின் விசிறிகள் பக்கத் தகட்டை ஒட்டியோ அடித்தளத்தை ஒட்டியோ இருக்கும். அங்கே துளை போட்ட தகடு இருந்தால் வெளிக்காற்றை நேராக இழுக்கும். கண்ணாடி இருந்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டிய அறையில் வைத்துச் சோதிக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் ஏசி இல்லாத அறை முப்பத்தைந்தைத் தொடும். அறையின் சூடு எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி உள்ளேயும் கூடும். அவர்கள் 75 என்று காட்டும் இடத்தில் நமக்கு 90 என்று வைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். நம் ஊரில் ஏழு லிட்டர் பெட்டி வாங்குபவருக்கு 200 வாட் அளவிலான கார்டு பொருத்தம். அதற்கு மேல் போக ஆசைப்பட்டால் பதினைந்து, பதினெட்டு லிட்டருக்கு மனதைத் திருப்பிக்கொள்வது நல்லது. கார்டின் சக்தியைச் சற்றுக் குறைத்து ஓடவிடுவதும் நல்ல வழி. இருபது சதவீத மின்சாரத்தைக் குறைத்தாலும் வேகம் அந்த அளவு குறைவதில்லை.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கேபினெட்டின் விவரத் தாளோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மி.மீ. மிச்சம் இருக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஐந்து மி.மீ. வீண் இல்லை; கேபிள் திரும்புவதற்கும், காற்று போவதற்கும், நாலு ஆண்டு கழித்து வாங்கப்போகும் கார்டுக்கும் அது தேவைப்படும். 2002இல் வந்த எபியா போர்டை இன்றைய என்ஆர்200இல் பூட்டினாலும் அந்த நாலு துளைகளும் பொருந்தும். பிராசஸர் பழையதாகும், கார்டு பழையதாகும், ரேமின் வகையே மாறும். பொது அளவுகளுக்குக் கட்டுப்பட்ட கேபினெட் அவை எல்லாவற்றையும் கடந்து நிற்கும். ஆகவே கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் கேபினெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். ஆனால் அளவு பார்த்த பிறகு கொடுங்கள்.